ஆலந்தூரில் எதற்கு இறங்க வேண்டும்?



எழும்பூரில் விடியற்காலை வந்து நிற்கும் தென்மாவட்ட ரயிலை நினைத்துப் பாருங்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளை இறங்குகிறான். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி, தோளில் ஒரு பை, வழியனுப்ப வந்த வயதான தாய். சென்னை மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறுகிறார்கள். அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி எல்லாம் தாண்டி ஆலந்தூரில் இறங்கி வண்டி மாறச் சொன்னால் என்ன ஆகும்? பெட்டியை இறக்க வேண்டும். லிப்டுக்கு வரிசையில் நின்று வேறு தளத்துக்குப் போக வேண்டும். நீலத் தடத்து வண்டிக்குக் காத்திருந்து மறுபடி பெட்டியை ஏற்ற வேண்டும். இவ்வளவும் எதற்காக? நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம், விமான நிலையம். மூன்றே மூன்று நிலையங்களுக்காக!

நான் கேட்பது ஒன்றுதான். பச்சைத் தடத்தில் கூடுதலாகச் சில வண்டிகள், ஆலந்தூரில் நீலத் தண்டவாளத்துக்கு மாறி விமான நிலையம் வரை நேரே போகட்டும். காலை மாலை நெரிசல் நேரம் உட்பட, நாள் முழுதும் போகட்டும்.

'அதெல்லாம் நடக்கிற காரியமா' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன். 2016 செப்டம்பரில் சின்னமலை – விமான நிலையம் பாதை திறந்தது. அன்றைக்கு இருந்த பணிமனை கோயம்பேட்டில் இருந்தது ஒன்றுதான். அதுவோ பச்சைத் தடத்தில் இருக்கிறது. நீலத் தடத்தில் ஓடிய வண்டி ஆலந்தூர் இணைப்புத் தண்டவாளம் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆளில்லாத வண்டியை ஏற்றுக்கொண்ட தண்டவாளம், ஆளோடு போனால் வேண்டாம் என்றா சொல்லும்? ஆளோடும் ஓடியிருக்கிறது. சென்ட்ரலில் ஏறி கோயம்பேடு வழியாக விமான நிலையத்தில் இறங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

எதிர்ப்பவர்கள் கையில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கனடாவில் டொரன்டோ நகரம் 1966-ல் இதைச் செய்து பார்த்தது. இரண்டு தடங்களைப் பின்னி, மாறாமல் போகலாம் என்று வண்டி விட்டது. ஆறே மாதத்தில் நிறுத்திவிட்டது. ஒரு தடத்தில் வண்டி தாமதமானால் இன்னொரு தடமும் தடுமாறியது. அடுத்த வண்டி மேல்தளத்தில் வருமா, கீழ்த்தளத்தில் வருமா என்று தெரியாமல் ஜனங்கள் படிக்கட்டில் நின்றார்கள். அந்தச் சோதனைக்காகக் கட்டிய ஒரு நடைமேடை இன்றும் அங்கே பூட்டிக் கிடக்கிறது. இதெல்லாம் உண்மை.

ஆனால் டொரன்டோ பின்னியது நகரத்தின் நட்டநடு நெஞ்சில், மூன்று பக்கமும் வண்டி வந்து கலக்கும் முக்கோணத்தில். நாம் கேட்பதோ தடத்தின் வால்பகுதியில். நீலத் தடத்தில் நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவே 3 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடுகிறது. ஆலந்தூர் தாண்டினால் 6 நிமிடத்துக்கு ஒன்று. பாதி வண்டிகள் ஆலந்தூரோடு திரும்பிவிடுகின்றன. அப்படியானால் ஆலந்தூருக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே, இரண்டு வண்டிகளுக்கு இடையில் இன்னொரு வண்டி போக இடம் காலியாகக் கிடக்கிறது! அந்த இடத்தைத்தான் கேட்கிறோம்.

டெல்லியைப் பாருங்கள். நீலத் தடம் யமுனா பேங்க் நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நொய்டாவுக்கு, ஒரு கிளை வைஷாலிக்கு. பெயர்ப் பலகையைப் பார்த்து ஜனங்கள் ஏறிக்கொள்கிறார்கள். நம் ஜனங்களுக்கும் 47டி பேருந்துக்கும் 27டி பேருந்துக்கும் வித்தியாசம் தெரியும். குழம்பிவிடுவார்கள் என்று சொல்லி அவர்களைச் சிறுமைப்படுத்த வேண்டாம்.

தோக்கியோ கதை எனக்கு எப்போதும் நெஞ்சை நிறைக்கும். கெய்செய் என்ற தனியார் ரயில் கம்பெனியின் தண்டவாள அகலம் முன்பு 1,372 மில்லிமீட்டராக இருந்தது. நகரச் சுரங்கப் பாதையோடு இணைந்து ஓட வேண்டும் என்பதற்காக, 1959-ல் தன் தண்டவாளம் முழுவதையும் 1,435-க்கு அகட்டிப் போட்டது. 1960 டிசம்பரில் வண்டிகள் ஒன்றின் பாதையில் ஒன்று ஓடத் தொடங்கின. இன்று நரிட்டா விமான நிலையத்தில் ஏறியவர், நகரத்தின் அடியில் புகுந்து ஹனேடா விமான நிலையம் வரை இறங்காமல் போகும் வண்டி அங்கே உண்டு. பயணி மாறி ஏறக் கூடாது என்று ஊர்ப் பாதையையே பெயர்த்துப் போட்டார்கள். நமக்கு எதைப் பெயர்க்க வேண்டும்? இரண்டு தடமும் ஒரே அகலம், ஒரே மின்சாரம், ஒரே மாதிரி நான்கு பெட்டி வண்டி.

பச்சைத் தடம் போய் முடிகிற பரங்கிமலைக்காரர்கள், தங்கள் வண்டி குறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறார்கள், நியாயமான கவலை. அவர்களுக்கு இன்று வரும் வண்டியில் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்துக் கொடுப்பது தீர்வாகாது. விமான நிலையத்துக்குப் போகும் வண்டி கூடுதல் வண்டியாக வரட்டும். அதற்குச் செலவு ஆகும். ஆகட்டும். ஆயிரக்கணக்கான கோடியில் பாதை போட்டுவிட்டு, அதில் ஓட்டுவதற்குக் கணக்குப் பார்ப்பது என்ன சிக்கனம்?

இன்னொன்றையும் யோசியுங்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15.46 கிலோமீட்டர் நீட்டிக்கும் திட்டம் பேச்சில் இருக்கிறது. தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பருக்குப் பிறகு அங்கே போய்விட்டன. நாளை அந்தப் பாதை வந்தால், கோயம்பேட்டில் ஏறியவர் கிளாம்பாக்கத்தில் போய் இறங்க வேண்டும். நடுவே ஆலந்தூரில் மூட்டையைத் தூக்க வேண்டுமா, வேண்டாமா? நேரடி வண்டிக்கான கால அட்டவணையை அந்தத் திட்ட அறிக்கையிலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டு, கீழே மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.