நிறத்துக்கு நிறம் துணை



குளிர் நாடுகளில் ஆண்டுக்கொரு முறை வசந்தம் வருகிறது. பனிக்காலம் முழுவதும் கறுப்பும் பழுப்புமான கனத்த உடைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்தவர்கள், வெயில் தலைகாட்டியதும் வெளிர்மஞ்சள், இளநீலம், ரோஜா நிறம் என்று மெல்லிய உடைகளுக்கு மாறுகிறார்கள். நமக்கு அப்படியொரு பருவம் ஏது என்று கேட்பீர்கள். பால்மரக் காட்டைப் பாருங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலைகளைக் கொட்டிவிட்டு வெறுங்கிளையாய் நிற்கிறது. பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடுகிறது. அந்தத் தளிர் இளம்பச்சையாகி, பின்னர் கரும்பச்சையாக முற்றுகிறது. ஏப்ரல் நடுவில் சித்திரை பிறக்கிறது. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றே நம் முன்னோர் வகுத்தனர். எனவே இளவேனில் உடை நமக்கும் உரியதுதான்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. இலை கொட்டும் காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் கைக்கு வரும் காசும் குறையும். புத்தாடை எடுக்க வேண்டிய வேளையில்தான் கை இறுகியிருக்கும். ஆகவே, நிறப் பொருத்தம் பற்றிய அறிவு வசதி படைத்தோரைவிட நமக்கே அதிகம் வேண்டும் என்கிறோம். பத்துச் சேலை வைத்திருப்பவர், ஒன்று பொருந்தவில்லையென்றால் அடுத்ததை எடுத்து உடுத்திக்கொள்வார். இரண்டே நல்ல சேலை உள்ள வீட்டில் தவறாக வாங்கிய ஒரு ரவிக்கைத் துணி பெட்டியின் அடியில் வீணாகக் கிடக்கும்.

இரண்டு நிறங்கள் அருகருகே வரும்போது என்ன நடக்கிறது? பாரிஸ் நகரில் கோபலின் என்னும் புகழ்பெற்ற நெசவுச்சாலை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரெல் என்னும் இரசாயன அறிஞர். அங்கே சாயமிட்ட கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று புகார் எழுந்தது. அவர் நூலைத் தனியே எடுத்து ஆராய்ந்தார்; நல்ல கறுப்பாகவே இருந்தது. நீல நூலுக்குப் பக்கத்தில் நெய்தபோதுதான் அது வெளிறித் தோன்றியது. குற்றம் சாயத்தில் இல்லை. பக்கத்தில் வந்த நிறம் நம் கண்ணை மாற்றிவிடுகிறது! இதை விளக்கி அவர் 1839-ஆம் ஆண்டில் பெரிய நூலொன்றை வெளியிட்டார்.

நீங்களும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு துண்டுத் துணியை வெள்ளைச் சுவரில் ஒட்டி, அரை நிமிடம் கண் கொட்டாமல் பாருங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு அந்தச் சுவரையே பாருங்கள். பசுமை கலந்த ஒரு நிழல் தெரியும். சிவப்பைப் பார்த்துச் சலித்த கண் தானாகவே அதன் எதிர் நிறத்தைத் தேடுகிறது. சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா என்று ஓவியர்கள் சோடி சேர்ப்பதும் இதையொட்டித்தான்.

அப்படியானால் சிவப்புச் சேலைக்குப் பச்சை ரவிக்கை அணியலாமா? அணியலாம், ஆனால் அளவு பார்த்து அணிய வேண்டும். எதிர் நிறங்கள் இரண்டும் சரிபாதியாக, முழு வீரியத்துடன் நின்றால் கண்ணில் குத்தும். ஒன்று பரந்தும் மற்றொன்று ஒடுங்கியும் வந்தால், சிறியது பெரியதை எடுத்துக்காட்டும். காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இது யாரும் சொல்லித் தந்த பாடமன்று. அவர்களுடைய கோர்வைப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். கரைக்குத் தனி நாடா ஓட்டி, இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்கிறார்கள். உதவிக்கு இன்னொருவர் அமர வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வேற்று நிறக் கரை வைப்பானேன்? அரக்கு உடலின் ஓரத்தில் கிளிப்பச்சை ஒரு கோடாக வந்தால்தான் அரக்கு அரக்காகத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எதிர் நிறம் வேண்டாமென்றால் உறவு நிறங்களைச் சேர்க்கலாம். முன்பு சொன்ன தளிரே இதற்குச் சான்று. செம்பு, பாக்கு நிறம், மாம்பழ மஞ்சள், சந்தனம் ஆகியவை ஒரே குடும்பம்; எதை எதோடு சேர்த்தாலும் சண்டையில்லை. ஒன்று அழுத்தமாகவும் மற்றது வெளிறியும் இருந்தால் போதும்.

இங்கே வேறொன்றையும் பேச வேண்டியிருக்கிறது. "கறுத்த பிள்ளை, உனக்கு இந்த நிறம் எடுக்காது" என்று தாயோ அத்தையோ சொல்லக் கேட்கிறோம். அந்தப் பிள்ளை அதை மனத்தில் வாங்கிக்கொண்டு, வளர்ந்த பிறகும் சாம்பல் நிறத்துக்குள் ஒளிந்துகொள்கிறாள். ஓவிய வகுப்பில் நாம் கண்டதுண்டு: அம்மாவை வரையச் சொன்னால், வெளிறிய ஆரஞ்சுப் பென்சிலைத் 'தோல் நிறம்' என்று எடுக்கிறார்கள். யாருடைய தோல் அது? செவ்ரெல் கண்டறிந்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். கரிய மேனிக்கு அருகில் மாம்பழ மஞ்சளும் தாமரை நிறமும் தூய வெள்ளையும் ஒளிவிடும். அந்த நிறங்களுக்கும் அதனால் அழகு கூடும். மேனி வெளிறியவர்களில் சிலருக்கோ அதே மஞ்சள் முகத்தைச் சோகையாகக் காட்டிவிடும். எவர்க்கும் பொருந்தாத மேனி என்று ஒன்றில்லை. துணியை முகவாய்க்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். முகம் தெளிந்தால் எடுங்கள், வாடினால் வைத்துவிடுங்கள். அத்தையின் தீர்ப்பு தேவையில்லை.

கண்ணாடி பார்க்கும் இடமும் முக்கியம். கடைக்குள் மின்குழல் விளக்கின் கீழ் ஒன்றாய்த் தெரிந்த இரண்டு நீலங்கள், வெளியே வந்ததும் வேறு வேறாகப் பிரிந்துவிடும். ஆதலால், ரவிக்கைத் துணி வாங்கப் போகும்போது சேலையைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டையும் கடை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வெள்ளி நம்முடையது.

ரவிக்கையின் நிறத்தைச் சேலையின் உடலிலிருந்து எடுப்பதைவிடக் கரையிலிருந்து எடுப்பது சிக்கனம். சந்தன நிறம், மஞ்சள், பச்சை என மூன்று சேலைகள் இருந்து, மூன்றுக்கும் அரக்குக் கரை இருக்குமானால், ஒரே அரக்கு ரவிக்கை மூன்றுக்கும் போதும். அடுத்த சேலை வாங்கும்போதும் இந்தக் கணக்கை மறக்கலாகாது. ஆண்களுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. கட்டம் போட்ட சட்டையென்றால், கட்டத்தில் உள்ள நிறங்களுள் மிகக் கருத்ததை எடுத்து அதே நிறத்தில் சிலுவார் போடுங்கள். கட்டத்தோடு கோடு சேர வேண்டாம். கருநீலச் சிலுவார் ஒன்றிருந்தால் பெரும்பாலான சட்டைகளுக்குப் போதும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கும் வெள்ளைச் சட்டையோடு அதுவே கைகொடுக்கும்.

அழுத்தமான சிவப்பும் கருநீலமும் வாங்கினால், ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தையற்காரரிடம் கொடுக்குமுன் தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். வெட்டி மீந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னவளின் பாவாடை குட்டையாகிவிட்டதென்றால், அடியில் நான்கு விரற்கடை வேற்று நிறத்தில் கரை வைத்துத் தைக்கலாம். பாவாடை வெளிர்மஞ்சளானால் கரை கத்தரிப்பூ நிறமாக இருக்கட்டும்.