பெயர் ஏறிய பாட்டு



பிடித்த பாட்டு எது என்று ஒருவரைக் கேட்டால், வரும் விடை பெரும்பாலும் பாட்டைப் பற்றியதாக இருப்பதில்லை. பண்ணும் சொல்லும் பிற்பாடுதான். யாருடன் கேட்டது, எந்த வீட்டில், எந்த மழைநாளில் என்பவையே முந்திக்கொண்டு வருகின்றன. எல்லார்க்கும் பொதுவான ஒரு பாட்டு ஒருவருக்கு மட்டும் எவ்வாறு உரியதாகின்றது? இவ்வினாவுக்கு விடை தேட நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் அரிது.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். நேயர் விருப்பத்தில் பாட்டு தொடங்குமுன் அறிவிப்பாளர் ஊரும் பெயரும் வாசிப்பார். வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் பாட்டைவிட அந்தப் பெயர்ப்பட்டியலையே கூர்ந்து கேட்டனர் என்றால் மிகையாகாது. படத்தில் வேறு யாரோ யாருக்கோ பாடிய பாட்டு, ஒரு பெயர் முன்னே நின்றதும், அந்த நான்கு நிமிடங்களுக்கு அப்பெயருக்கு உரியவரின் பாட்டாகிவிடும்.

நீலகிரியில் இவ்வொலிபரப்புக்கு வேறொரு பொருளும் இருந்திருக்கும். 1964ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. அவ்வாறு வந்தவர்களுள் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியேறினர். அவர்களுக்கு வேலை தரும் பொருட்டு 1968இல் வனத்துறையின் கீழ்த் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றன. தப்பொலியும் காமன் கூத்தும் அவர்களோடு கடல் கடந்து வந்தன. தமிழகத்திலிருந்து இலங்கைக்குப் போனவர்களின் பாட்டில் 'கண்டிச் சீமை' என்பது போய்ச் சேரவேண்டிய ஊர். திரும்பி வந்தவர்களின் வாயில் அதுவே விட்டு வந்த ஊராயிற்று. சொல் ஒன்றுதான், பாடுபவர் நிற்கும் கரை மாறிவிட்டது.

இனி, இம்மலைக்கு எங்கிருந்தும் வராதவர்களின் பாட்டைக் காண்போம். தோடர்கள் எருமை மேய்க்கும் மக்கள். 'மந்து' எனப்படும் சிற்றூர்களில் வாழ்பவர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணூறு பேர் அளவிலேயே இருந்தனர்; 2011இலும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே. எழுத்தில்லாத அவர்களது திராவிட மொழியில் பிறந்த பாடல்களை 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கியிருந்த மொழியறிஞர் எம். பி. எமனோ செவியால் கேட்டுக் கையால் எழுதினார். அத்தொகுதி 1971இல் ஆக்சுபோர்டு வழியாக ஏறத்தாழ ஆயிரம் பக்க நூலாக வெளிவந்தது. தமிழ்நாட்டு மலையொன்றின் பாடல்களுக்கு இவ்வளவு பெரிய நூல் இருப்பது நம் தமிழ்த்துறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

அந்நூல் காட்டும் செய்தி வியப்புக்குரியது. தோடரிடையே பாட்டுக் கட்டுதல் தனிப்புலவர் தொழிலன்று. ஆடவரும் பெண்டிரும் கட்டுவர். திருமணத்துக்கு, கருவுற்ற மனைவிக்குக் கணவன் வில் கொடுக்கும் சடங்குக்கு, சாவுக்கு என அவ்வப்போது புதிதாகப் பாட்டு எழும். பாட்டின் அலகு பெரும்பாலும் மூன்றசை கொண்டது. ஒவ்வோர் அலகும் தன்னை ஒத்த மற்றோர் அலகைத் துணையாகக் கொண்டே வரும். விவிலியத்தின் சங்கீதங்களைப் படித்தவர்களுக்கு இந்த இரட்டை நடை புதிதன்று. ஒவ்வொரு பொருளையும் பாடுவதற்கென்று வகுத்து வைத்த சொற்றொடர்கள் உண்டு. பாடுபவர் அவற்றைத் தேர்ந்து கோக்கின்றார்.

சொற்றொடர்கள் எல்லாம் பொதுச்சொத்து என்றால் பாட்டு ஒருவருக்கு உரியதாவது எப்படி? மந்தின் பெயர், குலத்தின் பெயர், எருமையின் பெயர், நடந்த வழியின் பெயர் ஆகியவற்றால்தான். இன்னாரைப் பற்றியது என்று பாட்டு வெளிப்படையாக உரைக்காது. குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, யாரைப் பாடுகின்றார், எந்த நிகழ்ச்சி என்று கேட்பவரே அறிந்துகொள்ள வேண்டும். அவ்வாறு அறிவதே அங்குச் சுவை.

தமிழ் படித்தவர்க்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வராமற் போகாது. அகத்திணைப் பாட்டில் எவர் பெயரையும் சுட்டலாகாது என்பது அதன் விதி. அதனாலன்றோ நெடுநல்வாடையில் வேம்பு என்னும் ஓர் அடையாளம் வந்தமைக்காக, அது பாண்டியனைக் குறித்துவிட்டது, ஆகவே புறம் என்று நச்சினார்க்கினியர் வழக்காடினார்! ஓர் இலை போதும், பாட்டின் தலைவன் யாரென்று தெரிந்துவிட. நம் மரபு அந்த இலையைக் குற்றமாகக் கண்டது. தோடர் மரபு அந்த இலையைத் தேடித்தேடி வைக்கின்றது. பெயர் நீங்கியதால் நம் அகப்பாட்டு எந்நாட்டவர்க்கும் உரியதாயிற்று, உண்மை. ஆயினும் இறந்த ஒருவரை அவர் மேய்த்த எருமையின் பெயரால் அழைக்கும் பாட்டுக்கு அது ஈடாகாது.

இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்வது தோடரிடையே விலக்கப்பட்டது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் அவர்களின் குடிவழியைத் தொகுத்தபோது இவ்விலக்கால் பெரிதும் இடர்ப்பட்டார். அவரே மெழுகு உருளைகளில் அவர்களின் பாட்டையும் பதிவு செய்தவர். சொல்லக்கூடாத ஒருவர், சாவுச் சடங்கில் எழும் பாட்டில், தம் வாழ்வின் நிகழ்ச்சிகளோடும் இடங்களோடும் மீண்டும் வந்து நிற்கின்றார்.

அப்படியாயின் அந்த மந்தையும் அந்த மேய்ச்சல் நிலத்தையும் அறிந்த செவி இருக்கும்வரைதான் பாட்டுக்கு உயிர். புல்வெளிகளுள் பெரும்பகுதி தேயிலையாகவும், தைல மரக்காடாகவும், சீகைமரக் காடாகவும் மாறிவிட்டது. பல மந்துகளில் இன்று எவரும் குடியில்லை. தேயிலைத் தொழிலாளி கடல் கடந்து ஊரை இழந்தார். தோடரோ இருந்த இடத்திலேயே மேய்ச்சல் நிலத்தை இழந்தார். கோத்தகிரித் தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு முதியவள் முனகும் பாட்டும் மந்தில் ஒரு முதியவர் பாடும் பாட்டும் ஒன்றையொன்று அறியா. இரண்டுக்குள்ளும் இருப்பவை, போய்ச் சேர இயலாத இடங்களின் பெயர்களே.

பதிவு செய்துவிட்டால் பாட்டு பிழைத்துவிடும் என்பது பாதி உண்மை. மெழுகு உருளையில் ஒலி நிற்கும். எமனோவின் பக்கங்களில் சொல்லும் பொருளும் நிற்கும். ஆனால் 'இது எங்கள் மந்து' என்று கேட்பவரின் முகம் மலரும் அந்த நொடி எங்கே நிற்கும்? ஆண்டுதோறும் மே திங்களில் நடைபெறும் உதகைக் கோடை விழா மேடையில் மலைவாழ் மக்களின் ஆட்டமும் பாட்டும் இடம்பெறுவதுண்டு. பூவேலை செய்த போர்வையைப் படமெடுக்கக் கூட்டம் நெருங்கும்; கைதட்டல் எழும். எந்த மந்தைப் பாடினீர்கள் என்று பாடியவரைக் கேட்பவர் அங்கு அரியர். அடுத்த நிகழ்ச்சியின் பெயரை ஒலிபெருக்கி அதற்குள் அறிவித்துவிடும்.