நாட்டு வருமானமும் நம் ஊர்க் கிணறும்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாட்டின் செல்வம் பெருகினால் மக்களின் மகிழ்ச்சியும் பெருகுமா என்பது இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருள். ஏழ்மையே இன்பம் என்று பேச நாம் வரவில்லை. ஓலைக் குடிசைகள் காரை வீடுகளானதும், பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்ததும், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் நம் சகோதரர்கள் சிந்திய வியர்வை பணமாக வந்ததால்தான். பசித்திருப்பவனிடம் மனநிறைவைப் பற்றிப் பிரசங்கம் செய்வது பாவம்.

ஆனால் நாட்டு வருமானம் என்ற அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று சற்றுக் கவனிக்க வேண்டும். நம் பாட்டிமார் ஊர்க் கிணற்றில் இறைத்த நல்ல தண்ணீருக்கு அக்கணக்கில் இடமில்லை. அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லையே! அதே கிணறு உப்பாகி, லாரித் தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கினால், அந்தப் பணம் நாட்டு வருமானத்தில் சேர்ந்துவிடுகிறது. கிணறு கெட்டது நாட்டுக்கு லாபமாம்! இந்தக் கணக்கை அமெரிக்காவில் வகுத்த சைமன் குஸ்நெட்ஸ் என்ற அறிஞரே, இதைக்கொண்டு மக்களின் நலவாழ்வை அளந்துவிட முடியாது என்று 1934-லேயே எச்சரித்தார். பணம் பெருகுவது மட்டுமே முன்னேற்றமல்ல என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் சுற்றுமடல் விடுத்ததும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் கடற்கரையின் இறால் பண்ணைகளே போதும். 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா 60,523 கோடி ரூபாய்க்குக் கடல் உணவு ஏற்றுமதி செய்தது. அதில் 40,013 கோடி உறைய வைத்த இறாலுக்கு மட்டும் வந்தது. டில்லியில் இருப்பவர்களுக்கு இது பெருமைக்குரிய எண். நாமும் அதைப் பழிக்க வேண்டியதில்லை. இறால் வளர்த்துக் கடனை அடைத்த குடும்பங்களும் உண்டு.

ஆயினும் பண்ணை நடக்கும் விதத்தைப் பாருங்கள். கரை போட்டுக் குளம் வெட்டி, உப்பு நீரை இறைத்து நிரப்பி, தீவனம் போட்டுச் சுமார் நான்கு மாதத்தில் பிடித்துவிடுகிறார்கள். உப்பு மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றுக்கும் வயலுக்கும் போகிறது. கழிவு நீர் ஓடையில் போய் விழுகிறது. நாற்று நடவும் களையெடுக்கவும் அறுக்கவும் பத்துப் பெண்களுக்குக் கூலி தந்த நிலத்தில், காவலுக்கு ஓரிருவர் இருந்தால் போதும். 1994, 95-இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால்கள் செத்தபோது, முதலாளிகள் பலர் குளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். உப்பு மட்டும் போகவில்லை.

இதை எதிர்த்து நாகைக் கடற்கரையில் காந்தியவாதி ஜெகந்நாதன் போராடி, உச்ச நீதிமன்றம் வரை சென்றார். நாகபுரி ஆராய்ச்சிக் கழகத்தார் நீதிமன்ற ஆணைப்படி வந்து கணக்குப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் இறால் தந்த வருமானத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு சேதம் என்று தெரிந்தது. அதாவது, ஏட்டில் வரவு, ஊரில் செலவு. 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு, கடலோரக் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்த பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்றச் சொன்னது. வேலை இழப்போருக்கு ஆறாண்டுச் சம்பளம் தரவும் சொன்னது. அதன் பிறகு என்ன நடந்தது? பண்ணைகள் நிலைத்தன. 2005-இல் தனிச் சட்டம் வந்து, பதிவு செய்து நடத்த வழி செய்தது. 2009-இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. 2023-இல் சட்டம் மேலும் இளகியது. வழக்கில் வென்றவர்களின் கிணறுகளைப் பற்றி எந்தச் சட்டமும் வருந்தியதாகத் தெரியவில்லை.

பூட்டான் மன்னர் 1970-களில், நாட்டு வருமானத்தைவிட நாட்டு மகிழ்ச்சியே பெரிது என்றார். 2008-இல் அதை அரசியல் சட்டத்திலும் எழுதினார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்நாட்டு இளைஞர்களும் இன்று வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். ஆகவே, மகிழ்ச்சி என்று சட்டத்தில் எழுதினாலும் வேலையும் கூலியும் வேண்டும். வேலையும் கூலியும் வந்தாலும் குடிக்கத் தண்ணீர் வேண்டும். இவற்றில் எதை விட்டு எதைக் கூட்டுவது என்பதை வேறு யாரோ முடிவு செய்வதுதான் நம் வருத்தம்.

2005-இல் அரசு வகுத்த நெறிகளில், குடிநீர் ஆதாரத்துக்கும் இறால் பண்ணைக்கும் 100 மீட்டராவது இடைவெளி வேண்டும், 500 பேருக்கு மேல் வாழும் ஊருக்கு 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நம்மில் எத்தனை பேர் அளந்து பார்த்தோம்? மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. அதற்கு முன் இளைஞர்கள் அளவு நாடாவுடன் புறப்படட்டும். மாதர் சங்கத்தார் தெருத் தெருவாகப் போய், எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்த ஆண்டிலிருந்து குடிக்க உதவாமல் போயிற்று, இன்று குடம் என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதட்டும். கோயில் கிணற்றிலிருந்தே தொடங்கலாம். பங்குத் தந்தை அனுமதி தருவார் என்று நம்புகிறோம்.