பால் டின்னும் பச்சைக் குழந்தையும்



கேமரன் மலையில் விளைந்த முட்டைக்கோசு லாரியேறிப் போகும். மாதக் கடைசியில் நம் லயத்தில் மணந்தது டின் சாடின்தான். விறகு நனைந்த மழை நாளில் அதுவே கைகொடுத்தது. பால் டின் காலியானதும் அரிசி அளந்தோம், தேநீர் குடித்தோம். அந்த நன்றி நமக்கு உண்டு.

ஆனால், ஆயாக்கொட்டகையில் விட்ட பச்சைக் குழந்தைக்கும் அந்த இனிப்புப் பாலைத்தானே கரைத்து ஊற்றினோம்! கொழுகொழுவென்றிருந்தால் மகிழ்ந்தோம். அது சர்க்கரை, சத்தல்ல. 1939-லேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டு இதைக் கண்டித்துப் பேசினார். அந்தப் பேச்சு நம் லயத்துக்கு எட்டவில்லை. இன்று டின்னின் மேலேயே, குழந்தைக்கு ஏற்றதல்ல என்று மலாயில் அச்சிட்டிருக்கிறது.

குற்றம் தாயுடையதா? இல்லை. கொழுந்தின் எடைக்குத்தானே கூலி! கூடையை இறக்கிவிட்டு அவள் எப்படி ஓடி வருவாள்?

60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மிச்ச நாளுக்கு என்ன வழி? கூலி குறையாமல் பால் கொடுக்கும் இடைவேளை வேண்டும். அதைச் சங்கமாகக் கேட்போம்!