கைப்பேசியின் வேரைத் தொடும் முன்



காஹாங் வட்டாரத்துத் தோட்டங்களில் கைப்பேசி இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. மாதச் சம்பளம் வங்கியில் சேர்ந்துவிட்டதா என்று அப்பா பார்ப்பதும், பள்ளியிலிருந்து வந்த பாடத்தைத் தங்கை படிப்பதும், வெளியூரில் வேலை செய்யும் அண்ணன் முகத்தை அம்மா காண்பதும் அந்தச் சிறு கருவியில்தான். ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தக் கருவி தளர்ந்துவிடுகிறது. இடம் நிறைந்துவிட்டது என்கிறது, தொட்டால் ஓடுவதில்லை. அப்போது வீட்டிலுள்ள இளைஞர், "அப்பா, இதை ரூட் செய்துவிட்டால் புதுப் போன் போல ஓடும்" என்கிறார். கையில் எடுக்கிறார், பாதி வழியில் போன் நின்றுவிடுகிறது. ரூட் செய்வது என்றால் என்ன, அது எங்கே தடைப்படுகிறது, தடைப்பட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ரூட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் என்று பொருள். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற கணினி முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். அந்த முறையில் எல்லாக் கோப்புகளையும் திறக்கவும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரம் பெற்ற பயனருக்கு ரூட் என்று பெயர். அதே வழியில் 1991இல் லினக்ஸ் வந்தது. லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ஆண்ட்ராய்டு 2008இல் முதல் முறையாகக் கைப்பேசியில் ஏறி விற்பனைக்கு வந்தது. நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனிலும் அந்த வேர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் உற்பத்தியாளர் அதைப் பூட்டித்தான் விற்கிறார். அந்தப் பூட்டைத் திறந்து, அதிகாரத்தை நம் கைக்குக் கொண்டுவருவதே ரூட் செய்தல்.

பால் வெட்டும் தொழில் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். கைப்பேசியில் நாம் அன்றாடம் செய்யும் மாற்றங்கள் எல்லாம் பட்டையோடு நிற்பவை. ரூட் செய்வது பட்டையைத் தாண்டி உள்ளே போகும் வெட்டு. தேர்ந்த கை செய்யலாம். அளவு தெரியாத கை செய்யக் கூடாது.

ஆகவே முதற் கேள்வி, ரூட் செய்யத்தான் வேண்டுமா என்பது. போன் மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இடம் நிறைந்து போவதுதான். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பு என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். காலை வணக்கப் படங்களும் பலமுறை வந்த காணொளிகளும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று அதுவே காட்டும். வேண்டாதவற்றை அழியுங்கள். போனோடு வந்த, நாம் தொடாத செயலிகளை நீக்க முடியாவிட்டாலும், அவற்றில் பலவற்றை முடக்கி வைக்கலாம். வேண்டிய படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு, போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது இன்னொரு வழி. அப்படிச் செய்யுமுன் கூகுள் கணக்கின் மறைச்சொல் நினைவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு போன் அதைக் கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் ரூட் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி, எந்தப் போனை ரூட் செய்வது என்பது. இதுதான் மிக முக்கியம். பேங்க் நெகாரா மலேசியா 2022 செப்டம்பரில் மோசடியைத் தடுக்கச் சில நடவடிக்கைகளை அறிவித்தது. இணைய வங்கிப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்த ஒரு வாடிக்கையாளர் ஒரே ஒரு கருவியைத்தான் பதிந்து வைக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. புதிய கருவியை முதன்முறை பதிந்தால், சிறிது காலம் காத்திருந்த பிறகே அதில் வங்கி வேலை நடக்கும் என்பது இன்னொன்று. ரூட் செய்த போனிலோ வங்கிச் செயலிகள் பல திறக்க மறுக்கின்றன. அது பழுதல்ல, வேர் அதிகாரம் திறந்து கிடக்கும் போனில் வேறொரு தீய செயலி புகுந்து மறைச்சொல்லைப் படித்துவிடலாம் என்பதால் வங்கி வைத்திருக்கும் காவல் அது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் இருப்பது ஒரே போன்; சம்பளக் கணக்கு அதில்தான் பதிவாகியிருக்கிறது. சம்பளம் போட்ட அன்று மாலை மகன் அதை ரூட் செய்கிறார். வங்கிச் செயலி திறக்கவில்லை. மாற்றுப் போன் இல்லை. கடன் வாங்கிப் புதுப் போன் வாங்கினாலும் காத்திருக்க வேண்டும். மளிகைக் கடைப் பாக்கியும் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் காத்திருக்குமா? ஆகவே நேயர்களே, சம்பளக் கணக்கு உள்ள போனை ரூட் செய்யாதீர்கள். கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களின் ஆர்வத்தை நாம் தடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய போன் ஒன்றைக் கொடுங்கள். அது கெட்டாலும் குடும்பம் கெடாது.

இனி, அப்படி ஒரு பழைய போனில் செய்யும்போது வேலை எந்தெந்தப் படியில் நிற்கும் என்று பார்ப்போம். ரூட் செய்யும் வேலைக்கு மூன்று படிகள் உண்டு. போனின் தொடக்கப் பூட்டாகிய பூட்லோடரைத் திறப்பது முதற் படி. போன் எழும்பப் பயன்படும் பூட் கோப்பை எடுத்துத் திருத்துவது இரண்டாம் படி. திருத்திய கோப்பைப் போனில் ஏற்றுவது மூன்றாம் படி. கோப்பைத் திருத்த இன்று பலரும் பயன்படுத்துவது மேஜிஸ்க் என்ற மென்பொருள். தைவானைச் சேர்ந்த ஜான் வூ என்பவர் 2016இல் அதை வெளியிட்டார்.

முதற் படியிலேயே பலருக்கு வேலை நின்றுவிடுகிறது. கணினியோடு போனை இணைத்தால் கணினி அதைக் காண்பதில்லை. உடனே போன் பழுது என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். சில மலிவுக் கம்பிகளில் மின்சாரம் போகும் இழை மட்டுமே இருக்கும். தகவல் போகும் இழை இருக்காது. அடுத்து, போனின் அமைப்புகளில் பில்டு எண்ணை 7 முறை தட்டினால் திறக்கும் உருவாக்குநர் பகுதியில், யூ.எஸ்.பி. டிபக்கிங் என்பது இயக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிறகு போனின் திரையைப் பாருங்கள். இந்தக் கணினியை நம்பலாமா என்ற கேள்வி அங்கே பதிலுக்குக் காத்திருக்கலாம். இவை யாவும் சரியாக இருந்தால், விண்டோஸ் கணினியில் அந்தப் போனுக்குரிய டிரைவர் மென்பொருள் இல்லை என்று கொள்ளலாம்.

பூட்டைத் திறக்க அனுமதிக்கும் ஓ.இ.எம். அன்லாக் என்ற விருப்பம் சில போன்களில் மங்கிக் கிடக்கும். இணையத்தோடு இணைத்துப் பாருங்கள்; அப்போதும் மாறாவிட்டால் அந்த மாடலில் உற்பத்தியாளரே அனுமதிக்கவில்லை என்று பொருள். ஹுவாவே நிறுவனம் 2018இல் பூட்டைத் திறக்கும் எண்களை வழங்குவதை நிறுத்திவிட்டது. சியோமி போன்களில் 168 மணி நேரம், அதாவது 7 நாள் காத்திருக்கச் சொல்லும் செய்தி வருவதுண்டு. அதுவும் பழுதல்ல. பொறுமையிழந்து கணக்கை மீண்டும் மீண்டும் இணைத்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கிவிடும். சாம்சங் போன்களில் வேறொரு எச்சரிக்கை உண்டு. உள்ளே இருக்கும் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அடையாளம் ஒரு முறை மாறிவிட்டால் மீண்டும் பழைய நிலைக்கு வராது. பாதுகாப்புக் கோப்புறை போன்ற வசதிகள் அந்தப் போனில் நிரந்தரமாக நின்றுவிடும்.

பூட்டு திறக்கும் நொடியில் போனில் உள்ள எல்லாம் அழிக்கப்படும். படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் பேச்சுகள் ஒன்றும் மிஞ்சாது. தாத்தாவின் கடைசிப் படம் அந்தப் பழைய போனில் மட்டும் இருந்தால், முதலில் அதை வேறிடத்தில் சேர்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பூட்டு திறந்த பிறகு, போனை இயக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் எச்சரிக்கை வரும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்; சில நொடிகளில் போன் எழும்பும்.

இரண்டாம் படியில் நேரும் தவறுதான் போனைப் படுக்க வைப்பது. பூட் கோப்பு போனின் மாடலுக்கு மட்டுமன்றி, அதில் இப்போது ஓடும் மென்பொருளின் பில்டு எண்ணுக்கும் ஒரெழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். பக்கத்து வீட்டாரின் போனும் இதே மாடல்தானே என்று அவருடைய கோப்பை ஏற்றக் கூடாது. ஆண்ட்ராய்டு 13உடன் கடைக்கு வந்த புதிய போன்களில், பூட் கோப்புக்குப் பதிலாக இனிட் பூட் என்ற கோப்பைத் திருத்த வேண்டியிருக்கும். தோட்டத்தில் அலைவரிசை வலுவில்லாத இடத்தில் இறக்கிய கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம். ஆகவே அதன் அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்தாத மூலக் கோப்பின் ஒரு பிரதியைக் கணினியில் பத்திரமாக வையுங்கள். அந்தப் பிரதிதான் திரும்பி வரும் வழி.

மூன்றாம் படிக்குப் போகுமுன் போனிலும் கணினியிலும் மின்கலம் நிறைந்திருக்கட்டும். இடி மின்னலோடு மழை பெய்து மின்சாரம் வந்து போகும் மாலை வேளையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது கம்பியை அசைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் போன் எழும்பாமல், நிறுவனத்தின் சின்னமே திரும்பத் திரும்ப வந்து கொண்டிருந்தால் என்ன செய்வது? பதற்றத்தில் வேறு கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றாதீர்கள். சின்னம் வருகிறது என்றால் போனுக்கு உயிர் இருக்கிறது. அணைத்துவிட்டு, ஒலி குறைக்கும் பொத்தானையும் இயக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பல போன்கள் பூட்லோடர் நிலைக்கு வரும். அங்கிருந்து மூல பூட் கோப்பை மீண்டும் ஏற்றினால், பெரும்பாலும் போன் எழுந்துவிடும். திரை முழுவதும் கறுத்துப் போனால், ஒரு மணி நேரம் மின்னேற்றி மீண்டும் முயலுங்கள். அப்போதும் அசைவில்லையென்றால் குளுவாங் பட்டணத்தில் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். என்ன செய்தோம் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால்தான் அவராலும் மீட்க முடியும்.

ரூட் ஆன பிறகு வரும் இடர்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். வழக்கமான மென்பொருள் புதுப்பிப்பு பல போன்களில் ஏறாது. மூலக் கோப்பைத் திரும்ப வைத்த பிறகே அதை ஏற்ற வேண்டும். மற்றொன்று, பூட்டை மீண்டும் பூட்டுவது. திருத்திய கோப்பு உள்ளே இருக்கும்போதே பூட்லோடரைப் பூட்டிவிட்டால் போன் எழும்பவே எழும்பாது. முதலில் நிறுவனத்தின் மூல மென்பொருளை முழுவதும் ஏற்றி, போன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கணினி வேண்டாம், ஒரே தட்டில் ரூட் செய்து தருகிறோம் என்று சொல்லும் செயலிகள் உண்டு. அவை போனின் பாதுகாப்பில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே நுழைபவை. அதே ஓட்டை வழியாகத் திருடனும் நுழைவான். 2016 நவம்பரில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கூலிகன் என்ற தீய மென்பொருளைப் பற்றி அறிவித்தது. அது சாதாரணச் செயலிபோல் வேடமிட்டு வந்து, உரியவருக்குத் தெரியாமலே போனை ரூட் செய்து, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கூகுள் கணக்குகளைக் கைப்பற்றியிருந்தது. நம் நாட்டிலும் திருமண அழைப்பு என்றும் வீடு துப்புரவுச் சேவை என்றும் சொல்லி, வாட்ஸ்அப் வழியாக ஏ.பி.கே. கோப்புகளை அனுப்பிப் பணம் பறிக்கிறார்கள். அனுப்பியவர் உறவினரே ஆனாலும் அத்தகைய கோப்பைத் திறக்காதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை போனைப் பிரித்து அறிய விரும்புவது குற்றமல்ல. நாளை அதுவே அவனுக்கோ அவளுக்கோ ஒரு தொழிலாகலாம். தம்பி தங்கைகளே, பழைய போன், சரியான கோப்பு, மூலக் கோப்பின் பிரதி, நிறைந்த மின்கலம் ஆகிய நான்கும் கையில் இருந்தால் தொடங்குங்கள். நான்கில் ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும் வரை பொறுத்திருங்கள். அப்பாவின் சம்பளம் வரும் போனை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.