ஆறு மணி நேரத்தில் பாதி
(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவன் நான். இன்று ஆஸ்பத்திரிகளில் காமா கேமராக்களைப் பராமரிப்பது என் தொழில். "ஆஸ்பத்திரியில இன்ஜினியருக்கு என்னப்பா வேலை?" என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடம்புக்குள் போகிறது. அணு மருத்துவத்தில் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. ஒரு மூலக்கூறோடு கதிரியக்க அணுவைச் சேர்த்து ஊசி வழியே செலுத்துகிறோம். கடிதத்துக்கு விலாசம் மாதிரி அந்த மூலக்கூறு. எலும்பு என்று விலாசம் எழுதினால் எலும்புக்குப் போகும். இதயத்துக்கு எழுதினால் இதயத் தசைக்குப் போகும். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து வரும் காமா கதிரைக் கேமரா படமாக்கும்.

அதிகம் பயன்படுவது டெக்னீஷியம்-99எம். இதன் அரை ஆயுள் வெறும் 6 மணி நேரம். காலை பத்து மணிக்கு இருந்தது மாலை நாலு மணிக்குப் பாதி. மறுநாள் காலை பத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு. பிறகு இதை எப்படி ஊர் ஊராக அனுப்புவது? இதன் தாயான மாலிப்டினம்-99-க்கு அரை ஆயுள் 66 மணி. தாயை ஈயக் கவசத்துக்குள் வைத்து அனுப்புவார்கள். காலையில் உப்புநீரைச் செலுத்தினால் டெக்னீஷியம் மட்டும் இறங்கி வரும். துறையில் இதற்குப் பெயரே 'பால் கறப்பது'! ஒரு வாரத்தில் மாடு வற்றிவிடும். அடுத்த மாடு வரவேண்டும். 2009-ல் கனடாவின் சாக் ரிவர் அணு உலை நின்றபோது பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

பார்ப்பது மட்டுமல்ல, குணப்படுத்துவதும் உண்டு. தைராய்டு தானாகவே அயோடினை இழுத்துக்கொள்ளும். 1941-ல் பாஸ்டனில் டாக்டர் சால் ஹெர்ட்ஸ் கதிரியக்க அயோடினால் தைராய்டு நோய்க்குச் சிகிச்சை தொடங்கினார். இன்று தைராய்டு புற்றுநோய்க்குத் தரும் அயோடின்-131 நம் நாட்டிலேயே, டிராம்பேயில் தயாராகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு லுட்டீஷியம்-177 மருந்து ஒன்றுக்கு அமெரிக்கா 2022-ல் அனுமதி தந்தது. விலாசம் ஒன்றுதான், ஒரு கடிதம் படம் எடுக்க, இன்னொன்று கட்டியை அழிக்க.

இனி சொல்லப்போவது பெருமைக்குரியதல்ல. தினமும் காலையில் கேமரா எல்லா இடத்திலும் சீராகப் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், சோதனைப் படத்தில் ஓர் ஓரம் லேசாக மங்கியிருந்தது. ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்று சரியில்லை என்று புரிந்தது. ஆனால் மருந்து கறந்தாயிற்று, வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். சாயங்காலம் பார்த்துக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று ஓர் அம்மாவின் தைராய்டு படத்தில் ஒரு பக்கம் இருட்டாக விழுந்தது. கட்டியாக இருக்கலாம் என்ற பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டது. அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். டாக்டர் அனுபவசாலி. அவரைச் சற்று நகர்த்திப் படுக்க வைத்து மறுபடி எடுத்தார். நோயாளி நகர்ந்தும் இருட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நோய் அந்த அம்மாவுக்கு இல்லை, என் கேமராவுக்கு!

நான்தான் காரணம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்த அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையில் நடந்த மிக நீளமான இருபது அடி தூரம் அது.

அன்றிலிருந்து மங்கல் தெரிந்தால் கேமராவை நிறுத்திவிடுவேன். மருந்து வீணாகும், திட்டு விழும், விழட்டும். நாளை மறுபடி கறக்கலாம்.

தம்பி தங்கைகளே, நீங்களும் ஒருநாள் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தத் தாளுக்கு அப்பால் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.