வாசனையே மொழி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசுவோரும் இன்னிசை வழங்குவோரும் நிறைந்த இம்மேடையில், ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கும் கால்மணி நேரம் ஒதுக்கிய செயலாளர் அவர்களுக்கு நன்றி. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். இவன் விஞ்ஞானம் பேச வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தை நீங்களும் அறிவீர்கள். நம் காலனியின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீக்கள் ஒரு பெரிய அடையைக் கட்டியிருக்கின்றன. அதைக் கொளுத்திவிட வேண்டும் என்று சிலரும், தொடவே கூடாது என்று சிலரும் வாதிடுகின்றனர். வரும் ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்யவிருக்கிறோம். அதற்கு முன், அவ்வுயிர்கள் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதை அறிவது நலம் என்று கருதினேன்.

நாம் நாவினால் பேசுகிறோம். பூச்சிகளோ பெரும்பாலும் வாசனையினால் பேசுகின்றன. சர்க்கரை டப்பாவை நோக்கி எறும்புகள் சாரிசாரியாகச் செல்வதைக் காணாத தாய்மார் இல்லை. ஈரத்துணியால் குறுக்கே ஒரு முறை துடைத்துவிட்டால், அவை வழி தெரியாமல் திகைக்கின்றன. முன்னே சென்ற எறும்பு தரையில் தடவிய வாசனை அழிந்துவிட்டதே காரணம். ஓர் உயிரின் உடலிலிருந்து சுரந்து, அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரை ஒரு செயலுக்குத் தூண்டும் இத்தகைய பொருள்களுக்கு, 1959-ஆம் ஆண்டில் கார்ல்சன், லூஷர் என்னும் இரு விஞ்ஞானிகள் ‘ஃபெரோமோன்’ என்று பெயரிட்டனர்.

தேனீக் குடும்பத்தில் பம்பிள்பீ என்று ஒரு வகை உண்டு. உடல் பருத்து, உரோமம் அடர்ந்து, குளிர் நாடுகளில் வாழ்வது. நம் நாட்டில் காஷ்மீரம் முதலிய இமயமலைப் பகுதிகளில் அதைக் காணலாம். நம் தோட்டத்து மூங்கிலையும் மரச்சட்டத்தையும் துளைக்கும் கருவண்டு வேறு, அது தச்சுத்தேனீ. பம்பிள்பீயின் ஆண்கள் நாள்தோறும் ஒரே வழியில், குறிப்பிட்ட செடிகளையும் மரங்களையும் தொட்டுத் தொட்டுப் பறப்பதை, 1854-ஆம் ஆண்டிலேயே சார்லஸ் டார்வின் தம் தோட்டத்தில் கவனித்தார். தம் குழந்தைகளை ஆங்காங்கே நிறுத்தி, வண்டு வரும்போது குரல் கொடுக்கச் செய்து, அவ்வழியைக் கண்டறிந்தார். அந்த இடங்களை அவை எவ்வாறு அடையாளம் காண்கின்றன என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. தலையிலுள்ள ஒரு சுரப்பியின் வாசனையை அவ்விடங்களில் பூசி வைக்கின்றன என்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

பம்பிள்பீக்கு நம் தேனீயைப் போல நடனமாடித் திசை காட்டத் தெரியாது. நல்ல பூக்களைக் கண்டு திரும்பியது கூட்டுக்குள் அங்குமிங்கும் ஓடி, முதுகின் பின்கோடியிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு வாசனையைப் பரப்புகிறது. உடனே மற்றவை இரை தேடப் புறப்படுகின்றன. 2005-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அவ்வாசனையில் யூகலிப்டால் இருப்பதைக் காட்டியது. ஜலதோஷத்துக்கு நாம் தடவும் நீலகிரித் தைலத்துக்கு மணம் தருவதும் அதே பொருள்தான்!

இனி நம் நாட்டுத் தேனீக்களுக்கு வருவோம். பொந்துத்தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். அவற்றின் வாழ்க்கையையும் வளர்ப்பையும் ஆராய்வதற்கென்றே, கதர் கிராமத் தொழில் ஆணையம் 1962-ஆம் ஆண்டில் நாம் வாழும் இதே புனே நகரில் மத்திய தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை நிறுவியது என்பது நமக்குப் பெருமை.

தேனீயின் உடலில் முக்கியமான மூன்று சுரப்பிடங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது, இராணியின் தாடைச் சுரப்பி. அதிலிருந்து வருவதை வேலைக்காரத் தேனீக்கள் நக்கி, வாயோடு வாய் பரிமாறிக்கொள்கின்றன. ‘தாய் நலமாக இருக்கிறாள்’ என்பதே அச்செய்தி. அது நின்றுவிட்டால், சில மணி நேரத்தில் கூடு முழுவதும் கலங்கிப் புதிய இராணியை வளர்க்கத் தொடங்குகிறது. இரண்டாவது, வயிற்றின் நுனியில் மேற்புறமுள்ள நசனோவ் சுரப்பி. தேனீ வாலை உயர்த்திச் சிறகால் விசிறி, ‘இங்கே வாருங்கள்’ என்று வழி தவறியவற்றை அழைக்கிறது. இவ்வூரில் தேநீரில் இடும் கவதி சஹா என்னும் எலுமிச்சைப்புல்லை முகர்ந்து பாருங்கள். அவ்வழைப்பின் மணம் ஏறத்தாழ அதுவே.

மூன்றாவதுதான் நம் காலனிக்கு உரியது. கொடுக்கின் அடியிலுள்ள சுரப்பிகளிலிருந்து எழும் அபாய அறிவிப்பு அது. அதன் முக்கியப் பொருள் ஐசோபென்டைல் அசிடேட் என்பதும் 1962-இல்தான் கண்டறியப்பட்டது. கனிந்த வாழைப்பழத்தின் வாசனை அதற்கு உண்டு. தேனீ கொட்டியதும் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடுகிறது. நஞ்சு தொடர்ந்து இறங்குவதோடு, ‘பகைவன் இதோ’ என்ற வாசனையும் அங்கிருந்து எழுகிறது. அதை முகர்ந்த மற்றவை அதே இடத்தை நாடி வருகின்றன. மலைத்தேனீயிடமோ, எளிதில் ஆவியாகாத இன்னொரு பொருளும் கலந்திருப்பதால் அதன் சினம் நெடுநேரம் தணிவதில்லை. மராத்தி நண்பர்கள் அதன் கூட்டை ‘ஆக்யா மோஹோள்’ என்கின்றனர். ‘ஆக்’ என்றால் நெருப்பு, பொருத்தமான பெயரே.

சென்ற மாதம் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுவன் விளையாட்டாகக் கல் எறிந்தான். கீழே நின்ற நம் பெரியவர் ஒருவரின் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது. அவர் அதை அங்கேயே நசுக்கிவிட்டு, கைகளை வீசிக்கொண்டு நின்றார். அடுத்தடுத்து வந்தவை கழுத்தையே குறிவைத்தன. ஓர் இரவு மருத்துவமனையில் கழித்து, இறையருளால் நலமாகத் திரும்பினார். அவரைத் துரத்தியது அவர் கழுத்திலேயே எழுந்த வாசனை.

ஆகவே இளந்தோழர்களுக்குச் சொல்வேன்: கொட்டினால் அடிக்காதீர்கள், நசுக்காதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு உடனே வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். கொடுக்கை நகத்தால் சுரண்டியாவது விரைவில் எடுத்துவிட்டுச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெரியோர்களுக்கு என் கருத்து இது: தீப்பந்தம் வேண்டாம். ஆயிரக்கணக்கான தேனீக்கள் எரிந்தாலும், தப்பியவை நம் சன்னல்களுக்குள் சிதறும். அவற்றுள் ஒன்று கொட்டினாலும் மற்றவற்றுக்கு அழைப்பு விடுத்தது போலாகும். மலைத்தேனீ நிலையாகத் தங்குவதன்று. பூக்கள் குறைந்ததும் கூட்டமாகப் புறப்பட்டு வேறிடம் சென்றுவிடும். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் நமக்கு இது புதிதா என்ன? அதுவரை தொட்டியின் அடியில் கயிறு கட்டி வழியை மறிப்போம். இரவில் அதன் அருகே பெரிய விளக்கு வேண்டாம். வெளிச்சத்தை நாடி அவை வரும். கல்லெறிவதையும் பட்டாசையும் தடுப்போம். அப்படியும் அபாயம் மிகுந்தால், பயிற்சி பெற்றவரை அழைத்து முறையாக அகற்றுவோம். காசுக்காகத் தீ வைக்க வருபவரை அழைக்க வேண்டாம்.

பிற மொழி வழங்கும் ஊரில் வந்து வாழும் நாம், அண்டை வீட்டாரின் சொற்கள் சிலவற்றைக் கற்ற பின்புதான் அவர்களோடு அச்சமின்றிப் பழகினோம். தொட்டியின் அடியில் குடியிருக்கும் இவ்வயலாரின் மொழியிலும் இரண்டொரு சொற்களை இன்று அறிந்துகொண்டோம். அதை மனத்தில் வைத்து ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வோமாக.